உஃபீட்சி ஓவியக்கூடத்தைத் தனி வழிகாட்டியோடு பார்ப்பது எப்படி?

இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் இருக்கும் உஃபீட்சி ஓவியக்கூடத்துக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை, இணையத்தில் அகப்பட்ட ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பெரிய குழுவில் போனேன். வழிகாட்டி தூக்கிப் பிடித்த சிறு கொடியைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் நடந்தேன். போட்டிச்செல்லி என்ற ஓவியரின் 'வீனஸின் பிறப்பு' படத்தின் முன்னால் போய் நின்றபோது கண்ணுக்குத் தெரிந்தவை தலைகளும் உயர்த்திய கைபேசிகளும்தான். அறைக்குத் திரும்பி, பார்த்த படங்களை ஒவ்வொன்றாக நினைவுகூர முயன்றேன். நான்கைத் தாண்டவில்லை.

இரண்டாம் முறை அம்மா, அப்பா, எட்டு வயது மகள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் நான்கு பேருக்கு மட்டும் ஒரு வழிகாட்டி. அந்தப் பெண்மணி இரண்டு மணி நேரத்தில் எங்களுக்குக் காட்டியது பதினோரு படங்கள். அந்தப் பதினொன்றும் எங்கள் வீட்டில் இன்றும் பேச்சில் வருகின்றன. முதல் தடவையாகப் போகிறவர்களுக்கு உதவும் என்று அந்த ஏற்பாட்டை ஆரம்பம் முதல் எழுதுகிறேன்.

எப்படிப்பட்ட இடம்?

'உஃபீட்சி' என்றால் இத்தாலிய மொழியில் அலுவலகங்கள். நாம் 'ஆபீஸ்' என்கிறோமே, அதற்கும் இதற்கும் ஒரே லத்தீன் வேர்தான். 1560இல், புளோரன்ஸை ஆண்ட முதலாம் கோசிமோ தே மெடிச்சி, அரசு அலுவலகங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவர இந்தக் கட்டடத்தைத் தொடங்கினார். வடிவமைத்தவர் ஜோர்ஜோ வசாரி. அவரே ஓவியர், ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிவைத்தவரும் அவரே. கோசிமோவின் மகன் ஃபிரான்செஸ்கோ மேல்தளத்தைக் குடும்பத்தின் கலைச் செல்வங்களை வைக்கும் இடமாக மாற்றினார். மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லுயிசா என்ற பெண். ஆட்சி வேறு வம்சத்துக்குக் கைமாறியபோது, 1737இல் அவர் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்: குடும்பம் சேர்த்த கலைப்பொருள் ஒன்றுகூட புளோரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது. இன்று நாம் போய்ப் பார்க்க இத்தனை படங்கள் அங்கே இருப்பதற்கு அவர்தான் காரணம். 1769இல் கூடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

கட்டடம் 'ப' வடிவத்தில் இருக்கிறது. பார்வை மேல்தளத்தில் தொடங்கி கீழ்த்தளத்தில் முடியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் யோசனை இதை வைத்துத்தான்.

தனி வழிகாட்டி எல்லோருக்கும் தேவையா?

தேவையில்லை. தனியாகப் போகிறீர்கள், ஓரளவு படித்துவிட்டுப் போகிறீர்கள் என்றால் காதில் மாட்டிக்கொள்ளும் ஆடியோ கருவி போதும். கணவன் மனைவி மட்டும் என்றால், பத்துப் பேருக்கு மிகாத சிறிய குழுவில் சேரலாம். மூன்று நான்கு பேராகப் போகும்போதுதான் தனி வழிகாட்டி கட்டுபடியாகும். அவர்கள் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை. ஒரு குழுவுக்கு, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். இரண்டு பேர் வந்தாலும் ஐந்து பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒரே தொகைதான். நுழைவுச்சீட்டு அதில் சேர்ந்ததா, தனியா என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வயதானவர்களோ சிறு பிள்ளைகளோ உடன் வந்தால் என் அபிப்பிராயம் உறுதியானது: வேறு எதிலாவது சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம். கால் வலித்தால் உட்காரலாம். பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பதில் கிடைக்கும். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடவில்லை என்றால் நீங்கள் தமிழில் சொல்லி முடிக்கும்வரை வழிகாட்டி காத்திருப்பார். இருபது பேர் குழுவில் இதில் எதுவும் நடக்காது.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

இத்தாலியில் வழிகாட்டியாக வேலை செய்ய உரிமம் வேண்டும். தேர்வு எழுதித்தான் அதைப் பெற முடியும். உரிமம் உள்ளவர்கள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருப்பார்கள். முற்றத்தில் நம்மைப் பார்த்ததும் "டூர் வேண்டுமா, உடனே உள்ளே கூட்டிப்போகிறேன்" என்று வருகிறவர்களிடம் அட்டையைக் கேளுங்கள். இல்லை என்றால் பேச்சை வளர்க்காமல் நகர்ந்துவிடுங்கள்.

நான் நான்கு பேருக்கு எழுதினேன். கட்டணம் குறைவாகச் சொன்னவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்ற மூவரும் தேதி, தொகை, பணம் செலுத்தும் வழி மூன்றை மட்டும் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், "உங்கள் அப்பா அம்மாவால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? பைபிள் கதைகள் உங்களுக்குப் பரிச்சயமா?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை அமர்த்தினேன். வழிகாட்டியின் தரத்தை அவர் தரும் பதில்களைவிட அவர் கேட்கும் கேள்விகளில் கண்டுபிடிக்கலாம்.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? வேலைநிறுத்தத்தால் கூடம் மூடிவிட்டால் என்ன செய்வீர்கள்? இத்தாலியில் வேலைநிறுத்தம் அபூர்வமல்ல. முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். போவதற்கு இரண்டு நாள் முன்பு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அவருக்கு எழுத வேண்டிய கடிதம்

எல்லாவற்றிலும் பலன் தந்தது இந்த ஒரு கடிதம்தான். வழிகாட்டி தினமும் சொல்லும் வழக்கமான பாடத்தை உங்களுக்காக மாற்ற வேண்டும் என்றால், நீங்கள் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நான் எழுதியதன் சாரம் இது: நாங்கள் நால்வர். அப்பா முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தவர். அம்மா கான்வென்ட் பள்ளியில் படித்தவர். ஜெபங்கள் தமிழில் தெரியும், ஓவியம் பற்றி எதுவும் தெரியாது. மகளுக்குக் கதை இருந்தால் போதும், தேதிகள் பிடிக்காது. பத்துப் பன்னிரண்டு படங்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் முன்பும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். நான் மொழிபெயர்க்க இடைவெளி விட்டுப் பேசுங்கள். கடைசியாக, இரண்டு மணி நேரத்தையும் மேல்தளத்திலேயே செலவழியுங்கள்.

கடைசி வரிக்குக் காரணம் சொல்கிறேன். மேல்தளத்தில் இருப்பவை பெரும்பாலும் பழைய படங்கள்: தங்கப் பின்னணி, வரிசையாகப் புனிதர்கள், நமக்குப் பிடிபடாத குறியீடுகள். சொல்ல ஆள் இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். கீழ்த்தளத்தில் கரவாஜோ, டிஷியன், அர்தமீசியா ஜென்டிலேஸ்கி. அவை யாரும் சொல்லாமலே நெஞ்சில் இறங்கும். காசு கொடுத்து வாங்கிய நேரத்தை எங்கே போட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நுழைவுச்சீட்டு, நாள், நேரம்

திங்கட்கிழமை விடுமுறை. டிசம்பர் 25உம் மூடியிருக்கும். காலை 8.15க்குத் திறப்பார்கள். முதல் நேரத்துக்கே முன்பதிவு செய்யுங்கள். ஒன்பதரைக்கு மேல் போட்டிச்செல்லி அறையில் நிற்க இடம் இருக்காது. அது முடியாவிட்டால் மாலை நான்கு மணிக்கு மேல் பரவாயில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று கேள்விப்பட்டு அந்த நாளைத் தேடிப் போகாதீர்கள். கூட்டத்தில் வழிகாட்டியின் குரல்கூடக் காதில் விழாது.

நாங்கள் போனபோது சீட்டு 25 யூரோ, முன்பதிவுக்கு மேலும் 4 யூரோ. இந்த விலை மாறக்கூடும். 18 வயது நிரம்பாதவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும் நுழைவு இலவசம். வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சீட்டை வழிகாட்டியே வாங்கித் தருவார் என்றால் அதுவே வசதி. நீங்களே வாங்குவதானால் கூடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் வாங்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் பல தளங்கள் இடைத்தரகர்களுடையவை. அதே சீட்டுக்குக் கூடுதல் விலை வைத்திருப்பார்கள். 'வரிசையில் நிற்கத் தேவையில்லை' என்று அவர்கள் விளம்பரம் செய்வது முன்பதிவுச் சீட்டைத்தான். பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரும்தான் நிற்க வேண்டும்.

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பயணச்சீட்டிலும் நிலையப் பலகையிலும் 'ஃபிரென்சே' என்றுதான் ஊர்ப்பெயர் இருக்கும். இறங்க வேண்டியது சாந்தா மரியா நொவெல்லா நிலையம். அங்கிருந்து கூடத்துக்கு நடந்தே போய்விடலாம்.

வசாரி நடைபாதை என்று ஒன்றைப் பற்றியும் படித்திருப்பீர்கள். 1565இல் ஐந்தே மாதத்தில் கட்டியது. உஃபீட்சியிலிருந்து பொந்தே வெக்கியோ பாலத்தின் மேலாக ஆற்றைக் கடந்து பித்தி அரண்மனைக்குப் போகும் மூடிய வழி. நெடுநாள் மூடிக்கிடந்து 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். அதற்கு உஃபீட்சி நுழைவையும் சேர்த்த வேறு சீட்டு, தனி நேரம். முதல் தடவையே இரண்டையும் சேர்க்காதீர்கள், களைத்துப்போவீர்கள்.

முந்தின நாள் இரவு ஒரு மணி நேரம்

நம் ஊர்க் கோயிலில் சிற்பத்தைப் பார்த்ததும் கையில் வேல் இருந்தால் முருகன், காலடியில் மூஞ்சூறு இருந்தால் பிள்ளையார் என்று யாரும் சொல்லித்தராமலே தெரிந்துகொள்கிறோம். அங்கேயும் அதே முறைதான். சாவி வைத்திருப்பவர் பேதுரு. ஒட்டக முடி உடையில், மெல்லிய சிலுவைக் கோலோடு இருப்பவர் திருமுழுக்கு யோவான். உடைந்த சக்கரத்தோடு இருப்பவர் கத்தரீனம்மாள். உடம்பில் அம்புகள் தைத்திருந்தால் செபஸ்தியார். பக்கத்தில் சிங்கம் படுத்திருந்தால் ஜெரோம். இந்த ஐந்தை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் கூடம் முழுவதும் அவளே எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இன்னும் மூன்று கதைகள் தெரிந்திருந்தால் போதும். கபிரியேல் தூதர் மரியாவிடம் வந்து செய்தி சொல்லும் மங்கள வார்த்தை. மூன்று ராஜாக்கள் குழந்தையைக் காண வருவது. இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெறுவது. மேல்தளத்துப் படங்களில் பெரும்பகுதி இவற்றைச் சுற்றித்தான்.

வாசலில்

குறித்த நேரத்துக்குக் கால்மணி முன்னதாகவே போய்விடுங்கள். வாசல்களுக்கு எண் உண்டு. முன்பதிவு செய்தவர்கள் உள்ளே போகும் வாசல் ஒன்று, சீட்டைப் பெற்றுக்கொள்ளும் வாசல் இன்னொன்று. எந்த எண் வாசலில் சந்திப்பது என்று வழிகாட்டியிடம் முதல் நாளே கேட்டுவையுங்கள். பெரிய பை, குடை இரண்டையும் பொருள் காப்பறையில் கொடுத்துவிட வேண்டும். செல்ஃபி குச்சியும் ஃபிளாஷும் கூடாது. வெறும் கைபேசியில் படம் எடுக்கலாம். ஆனால் பின்னால் பார்க்காமல் நகராதீர்கள். 2025 ஜூனில் ஒருவர் படம் எடுத்துக்கொள்ள நின்று பின்பக்கமாகச் சாய்ந்ததில் ஒரு மெடிச்சி இளவரசரின் ஓவியம் கிழிந்துபோனது.

மேல்தளத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். லிஃப்ட் இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் கேளுங்கள். ஏறும் முன்பே கழிப்பறைக்குப் போய்வந்துவிடுவது நல்லது. அறை எண்களை எழுதிவைத்துக்கொண்டு தேடாதீர்கள். கூடத்தைத் திருத்தியமைக்கும்போது எண்களும் மாறுகின்றன. படத்தின் பெயரை வைத்தே கேளுங்கள்.

மேல்தளம்: எங்கே நிற்க வேண்டும்

முதலில் மூன்று மாதாக்களின் அறை. ஒரே அறையில், தேவாலயப் பீடத்தில் வைப்பதற்காக வரைந்த மூன்று பெரிய பீடப் படங்கள்; மூன்றிலும் சிம்மாசனத்தில் மரியா, மடியில் குழந்தை, சுற்றிலும் தேவதூதர்கள். வரைந்தவர்கள் சிமாபூவே, தூச்சோ, ஜோட்டோ. தூச்சோவின் படத்துக்கு 1285இல் ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். ஜோட்டோவின் படம் ஏறக்குறைய 1300ஐ ஒட்டியது. இந்த அறையில் கால்மணி நேரம் கேளுங்கள். எங்கள் வழிகாட்டி எதையும் விளக்கவில்லை. "இந்த மூன்று பேரில் எழுந்து நடக்கக்கூடியவர் யார்?" என்று மட்டும் கேட்டார். சிமாபூவேயின் மரியாவுக்குச் சேலை மடிப்பெல்லாம் தங்கக் கோடுகள். அழகுதான், ஆனால் துணிக்கு உள்ளே உடம்பு இல்லை. ஜோட்டோவின் மரியாவுக்கு முழங்கால் முன்னே வருகிறது, மார்பு இருக்கிறது, மடியில் கனம் தெரிகிறது. என் மகள் கிட்டே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாட்டி, இவங்களுக்குப் பல்லு தெரியுது!" என்றாள். உண்மைதான். உதடுகள் லேசாகப் பிரிந்து, உள்ளே வெள்ளையாக ஒரு கோடு. மறுமலர்ச்சிக் கலை என்று பின்னால் பேரெடுத்தது எங்கிருந்து கிளம்பியது என்பதை அந்தக் கோட்டில் பார்த்துவிட்டோம்.

அடுத்து, சியேனா நகரத்து சிமோனே மார்த்தீனியும் லிப்போ மெம்மியும் 1333இல் முடித்த மங்கள வார்த்தைப் படம். பின்னணி முழுக்கத் தங்க ரேக்கு. தஞ்சாவூர்ப் படத்தில் ரேக்கு ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் கஷ்டம் உடனே புரியும். தூதர் இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார். மேலாடை இன்னும் காற்றில் பறந்துகொண்டிருக்கிறது. அவர் வாயிலிருந்து மரியாவின் காதை நோக்கி, தங்கத்தில் புடைப்பாக எழுத்துகள் போகின்றன. அது லத்தீன். வழிகாட்டி அதைப் படித்துப் பொருள் சொன்னார். நான் அம்மாவிடம் திரும்பி, "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே" என்று சொல்லத் தொடங்க, மிச்சத்தை அம்மாவே சொல்லி முடித்தார். பள்ளிக்கூடத்தில் தினமும் சொன்ன ஜெபம். மரியா உடம்பை ஒடுக்கிக்கொண்டு, கழுத்தருகே மேலாடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு கையின் கட்டைவிரல், படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் பக்க அடையாளமாக இருக்கிறது. "பாவம், பயந்துபோய்ச் சேலையை இழுத்துப் போத்திக்கிறா பாரு," என்றார் அம்மா. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது வழிகாட்டி, தானும் அதைத்தான் சொல்ல இருந்ததாகச் சொன்னார்.

உர்பீனோ பிரபுவும் அவர் மனைவியும் எதிரெதிராக இருக்கும் இரட்டைப் படத்தை வரைந்தவர் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா. பிரபுவின் மூக்குத்தண்டில் ஒரு வெட்டு. போட்டிச் சண்டையில் வலது கண்ணை இழந்தவர். அதனால் இடப்பக்க முகம் மட்டும் தெரியும்படி வரைந்திருக்கிறார். மருக்களைக்கூட மறைக்கவில்லை. படத்தின் பின்பக்கத்துக்கும் கண்டிப்பாகப் போங்கள். அங்கே இருவரும் ஊர்வலத் தேரில் வருகிறார்கள். பாதிப்பேர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

போட்டிச்செல்லி அறையில் 'வசந்தம்', 'வீனஸின் பிறப்பு' இரண்டும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. நேர் எதிரே நின்றால் கண்ணாடியில் கூட்டம் பிரதிபலிக்கும். ஓரடி பக்கவாட்டில் நகருங்கள். 'வசந்தம்' படத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வலது ஓரத்தில் நீலநிறக் காற்றுத்தேவன் ஒரு பெண்ணைப் பற்றுகிறான். அவள் வாயிலிருந்து பூக்கள் வருகின்றன. அவளே அடுத்த உருவமான பூக்களின் தேவதையாக மாறி, மடியிலிருந்து பூவைத் தூவிக்கொண்டு வருகிறாள். ஒரே பெண்ணின் முன்னும் பின்னும். நடுவில் காதல் தேவதை வீனஸ். முதல் தடவை நான் இதே படத்தின் முன் நின்றும் எனக்கு இது எதுவும் தெரியவில்லை. இரண்டு படங்களும் 1480களை ஒட்டியவை. 'வசந்தம்' மரப்பலகையில் வரைந்தது, 'வீனஸின் பிறப்பு' துணியில்.

அப்பாவுக்காக வழிகாட்டி ஒரு படத்தைச் சேர்த்திருந்தார். ஹ்யூகோ வான் டெர் கூஸ் வரைந்த போர்டினாரி பீடப் படம். மெடிச்சிக் குடும்பம் வங்கி நடத்திப் பெரிய ஆள் ஆனது. அந்த வங்கிக்கு இன்றைய பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்தில் இருந்த கிளையின் மேலாளர் தோமாசோ போர்டினாரிதான் இதை வரையச் சொன்னவர். பர்கண்டி பிரபுவுக்கு அள்ளிக் கொடுத்த கடன் திரும்பாமல் கிளை மூழ்கிப்போனது. படம் மட்டும் 1483இல் புளோரன்ஸ் வந்து சேர்ந்தது. அதில் குழந்தையைப் பார்க்க ஓடிவரும் ஆயர்களின் காய்த்துப்போன கைகளையும், வாய் திறந்த முகங்களையும் பார்த்து உள்ளூர் ஓவியர்கள் பாடம் படித்தார்கள். எண்ணெய் வண்ணம் அப்படி ஒரு நுணுக்கத்தைத் தரும் என்பது முட்டைக் கரு கலந்து வரைந்து பழகிய கைகளுக்குப் புதிது. அப்பா ஓவியத்தைவிடக் கடன் கதையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். அதற்கும் வழிகாட்டி பொறுமையாகப் பதில் சொன்னார்.

லியனார்டோ டா வின்சியின் மங்கள வார்த்தைப் படத்தை நேரே நின்று பார்த்தால், புத்தகத்தை நோக்கி நீளும் மரியாவின் வலது கை கொஞ்சம் நீளமாகத் தோன்றும். வலப்பக்கமாக நாலைந்து அடி நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். கை சரியான அளவுக்கு வந்துவிடும். பிள்ளைகளை முன்னும் பின்னும் நடக்கவிட்டால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அருகிலேயே, அவருடைய ஆசிரியர் வெரோக்கியோ வரைந்த இயேசுவின் திருமுழுக்கு இருக்கிறது. இடது ஓரத்தில் முதுகைக் காட்டித் தலையைத் திருப்பியிருக்கும் தேவதூதன் சீடன் லியனார்டோவின் கை. கூந்தலைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

மைக்கலாஞ்சலோவின் வட்டப்படம், அக்னோலோ தோனி என்ற வணிகருக்காக வரைந்தது. வசாரி இதற்கு ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். எழுபது காசு கேட்டதற்குத் தோனி நாற்பது அனுப்பினாராம். கடைசியில் நூற்றுநாற்பது கொடுத்துத்தான் படத்தை வைத்துக்கொள்ள முடிந்ததாம். அதே அறையில் ராஃபேலின் 'தங்கச்சிட்டு மாதா'. படம் இருந்த வீடு 1540களில் இடிந்து விழுந்து, பலகை பதினேழு துண்டானது. ஒட்டிச் சேர்த்து வைத்திருந்ததை, பத்து வருடம் போலப் பாடுபட்டு 2008இல் மறுபடி சீராக்கினார்கள். ஒட்டு எங்கே என்று என் மகள் வெகுநேரம் தேடினாள்.

நடுவே திரிபூனா என்ற எட்டுமூலை அறை வரும். சிவப்பு வெல்வெட் சுவர், கூரையெல்லாம் சிப்பி. உள்ளே போக விடமாட்டார்கள். வாசலில் நின்று பார்க்கலாம். 'ப'வின் அடிக்கோடான தெற்குத் தாழ்வாரத்தில் ஜன்னல் வழியாக ஆர்னோ ஆறும் பொந்தே வெக்கியோவும் தெரியும். அங்கே கொஞ்சம் மூச்சு விடுங்கள்.

பிரிவது எங்கே?

வழிகாட்டியோடு வெளியே வந்துவிடாதீர்கள். ஒருமுறை வெளியேறினால் அதே சீட்டில் மறுபடி நுழைய முடியாது. மேல்தளத்திலேயே, மொட்டைமாடி கஃபேக்கு அருகில் விடைபெறுங்கள். அங்கிருந்து 'பலாத்சோ வெக்கியோ' என்ற பழைய அரண்மனையின் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஏதாவது குடித்துவிட்டு அரைமணி உட்காருங்கள். பிறகு கீழே இறங்கும் முன்பு, வீட்டில் ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த ஒரு படத்திடம் திரும்பிப் போகட்டும். அம்மா சொல்லிக்கொள்ளாமல் சிமோனே மார்த்தீனியிடம் போய்விட்டார். நான் தேடிப்போனபோது படத்தின் எதிரே தனியாக நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடாமல் வாசலிலேயே நின்றேன்.

கீழ்த்தளத்துக்கு ஒரு மணி நேரம் போதும். கரவாஜோ கேடயத்தின் மேல் வரைந்த பாம்புக் கூந்தல் அரக்கி மெதூசா, டிஷியனின் 'உர்பீனோ வீனஸ்', அர்தமீசியா ஜென்டிலேஸ்கியின் யூதித்து மூன்றையும் விடாதீர்கள். பைபிள் கதையில் வரும் யூதித்து என்ற பெண், பகைத் தளபதியைக் கொல்லும் படம் அது; அவன் கழுத்து அறுபட்டு ரத்தம் பீறிடும். சின்னப் பிள்ளைகளை முன்கூட்டியே தயார்செய்யுங்கள், அல்லது தாண்டி நடந்துவிடுங்கள். மூடும் நேரத்துக்கு முன்பே காவலர்கள் அறைகளைக் காலிசெய்யத் தொடங்குவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

வெளியே வந்த பிறகும் காலில் தெம்பு இருந்தால், கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜோர்ஜோஃபிலி தெருவுக்குப் போய்வாருங்கள். 1993 மே 27 விடியலுக்கு முன் அங்கே மாஃபியா வைத்த கார்க்குண்டு வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. உஃபீட்சியின் ஒரு பகுதி சிதைந்து, சில ஓவியங்கள் மீட்க முடியாமல் அழிந்தன. தெருவில் ஓர் ஒலிவ மரமும் பெயர்கள் பொறித்த கல்லும் இருக்கின்றன. வழிகாட்டி எங்களுக்கு வரைந்து கொடுத்த சிறு வரைபடத்தில் அந்த இடத்தையும் குறித்திருந்தார்.